ஹெபடைடிஸ் பி: கீழாநெல்லியிலிருந்து டெனோஃபோவிர் வரை

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கான மருந்து வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளுக்குப் பழகிய வைத்தியம். அந்தச் செடியைச் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறுகள் வைரஸின் மேற்புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982இல் அவரது குழு எழுதியது. அந்தப் புரதத்தை முதலில் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் பின்னர் இந்த ஆய்வில் கைகோத்தார்.

1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. சிறிய ஆய்வு, குறுகிய கண்காணிப்பு. அதை வைத்துக் கீழாநெல்லி நோயைத் தீர்க்கும் என்று இன்று சொல்வது தவறு. நாட்டு மருந்தை முறையாகச் சோதித்துப் பார்த்த துணிவு மட்டும் பாராட்டுக்குரியது.

இதற்கிடையே இன்டர்ஃபெரான் ஊசி வந்தது. பக்கவிளைவுகளும் செலவும் அதிகம். எச்.ஐ.வி.க்காக உருவான லாமிவுடின் 1998இல் இந்த நோய்க்கும் மாத்திரையானது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 70 சதவீதத்தினரிடம் வைரஸ் அதற்கு அடங்க மறுத்தது. 2005இல் என்டெகாவிர், 2008இல் டெனோஃபோவிர் வந்த பிறகே நிலை மாறியது. இவை வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுப்பதைத் தடுக்கின்றன. கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கிய மூல மரபுப்பொருளை அழிப்பதில்லை. பெரும்பாலோர் பல ஆண்டுகள் மாத்திரை எடுப்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு இத்தொற்று இருந்தது. பிளம்பெர்க் பிறந்த நாளான ஜூலை 28 அன்று, 2018இல், தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன்படி பரிசோதனையும் மருந்தும் இலவசம். வடசென்னைத் துறைமுகத் தொழிலாளிக்கும் எண்ணூர் மீனவருக்கும் அருகில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை.

தொற்றுள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. இரத்தத்தில் வைரஸின் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்தே மருத்துவர் தொடங்குவார். தொடங்கியவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்த வேண்டாம். அடங்கிய வைரஸ் கிளர்ந்தெழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடுங்கள்.