ரோனா: நாகையிலிருந்து மத்தியதரைக் கடல் வரை

ரோனா, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பயணிகள் கப்பல். இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரை ஊரான ஹெப்பர்னில், ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் 1926இல் கட்டப்பட்டது. கொள்ளளவு 8,602 டன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடியது; 1940இல் படைக்கப்பலானது; 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கியது. 1926இலேயே கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா இதன் உடன்பிறப்பு. ரஜூலாவின் பெயர் மலாயா போய்வந்த குடும்பங்களில் இன்றும் அடிபடுகிறது. ரோனாவைப் பற்றிக் கேட்டால் தெரிந்தவர் அரிது.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கடல்வழிக்கும் உறவு நெருக்கமானது. சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களின் மானாவாரி ஊர்களிலிருந்தும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். ஈரோட்டில் ரயிலேறினால் கரூர், திருச்சி, தஞ்சாவூர் தாண்டி நாகை. அங்கே பாப்பாகோவில் முகாமில், சென்னை வழியாகப் போனால் ஆவடி முகாமில், உடல் சோதனை முடித்து அம்மை குத்திக்கொண்டு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். டெக் பயணிகளுக்கு அறை கிடையாது. மூட்டையை ஓரமாக வைத்துப் பாய் விரித்தால் அந்த அளவுதான் இடம். இந்த ஜோடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் பேருக்கு மேல் அப்படி ஏற்ற அனுமதி இருந்தது. அறைப் பயணிகளோ சில பத்துப் பேர்தான்.

ரப்பர் விலை சரிந்து தோட்டக் கூலி குறைக்கப்பட்டதும், 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. இரண்டே ஆண்டில் இரண்டாம் உலகப் போர்த் தேவைக்காக ரோனா எடுத்துக்கொள்ளப்பட்டது.

1943 நவம்பரில் ஏறத்தாழ 2,000 அமெரிக்க வீரர்களுடன் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ரோனா, கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் தொடரில் சேர்ந்தது. சூயஸ் வழியாக இந்தியா வருவது திட்டம். மறுநாள் மாலை, அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானங்கள் சூழ்ந்தன. அவை கொண்டுவந்த ஹென்ஷல் 293 அந்த ஆகஸ்டில்தான் களத்துக்கு வந்த ஆயுதம்: ராக்கெட் உந்தலும் இறக்கையும் கொண்ட குண்டு. வாலில் எரியும் சுடரைப் பார்த்தபடி, விமானத்தில் இருப்பவர் சிறு கைப்பிடியை அசைத்து ரேடியோ அலை வழியே அதைத் திருப்புவார். அப்படி வந்த ஒன்று ரோனாவின் இடப்பக்கத்தைத் துளைத்து எஞ்சின் அறைக்குள் வெடித்தது. மின்சாரம் போயிற்று. 22 உயிர்காப்புப் படகுகளில் எட்டை மட்டுமே இறக்க முடிந்தது. அவற்றிலும் பல அலையடியில் கவிழ்ந்தன. குளிர்ந்த கடலில், இருட்டு கவிய, பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் 606 பேரைத் தூக்கியெடுத்தது.

இறந்தோர் 1,100க்கும் மேல். அவர்களில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள். விமானதளம் அமைக்க வந்த 853ஆவது பொறியாளர் படைப்பிரிவு மட்டும் 495 பேரை இழந்தது. எதிரிப் படையின் ஒரே தாக்குதலில், கடலில் அமெரிக்கா இத்தனை வீரர்களை இழந்ததில்லை. ஆனாலும் புதுவகைக் குண்டைப் பற்றி வெளியே கசியக் கூடாதென்று செய்தி அமுக்கப்பட்டது. தந்தி பெற்ற குடும்பங்களுக்குக் கப்பலின் பெயர்கூடத் தெரியவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் இறந்தவர்களைப் போற்றித் தீர்மானம் நிறைவேற்றியது 2000இல்தான்.

கப்பலில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். படகுகளை இறக்குவதில் அவர்கள் உதவவில்லை என்று உயிர்பிழைத்த வீரர்கள் சிலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை திரும்பத் திரும்ப எழுதப்பட்ட அளவுக்கு, மாலுமிகளிலேயே பாதிக்கு மேற்பட்டோர் மாண்டது எழுதப்படவில்லை. இது அநீதி. போரில் கடலில் மறைந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் பதிந்துள்ளன.

ரஜூலா போரில் தப்பியது. 1973 வரை பழைய வழித்தடத்திலேயே தமிழர்களை ஏற்றி இறக்கியது. பின் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்ற பெயருடன் சிறிது காலம் ஓடி, 1974இல் உடைக்கப்பட்டது.