பாளையக்காரர் போர்களில் மருந்தும் குண்டும்

1755 முதல் 1801 வரை திருநெல்வேலிச் சீமையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பாளையக்காரர்களுக்கும் நடந்த போர்களில் வெடிமருந்து, ஈயக்குண்டு, பீரங்கி ஆகியவை யாருக்கு எங்கிருந்து கிடைத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். ஊரிலேயே செய்துகொள்வதா, வெளியாரிடம் வாங்குவதா என்ற கேள்வி பூலித்தேவரின் நெற்கட்டும்செவலுக்கும் கட்டபொம்மன் வழியினரின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் உயிர்க்கேள்வியாக இருந்தது. தூக்குமரத்தையும் வாள்வீச்சையும் பாடிய அளவுக்கு மருந்துக் கிட்டங்கியை யாரும் பாடவில்லை. ஆனால் போர்களின் போக்கைப் பலமுறை தீர்மானித்தது அந்தக் கிட்டங்கிதான்.

தாமிரபரணியின் இரு கரையிலும் உள்ள நஞ்சை நிலம் பெரும்பாலும் ஆற்காட்டு நவாபின் நேரடி வரிக்கு உட்பட்டிருந்தது. பாளையங்களில் பெரும்பாலானவை ஆற்றுக்கு வடக்கே, மேற்கு மலையடிவாரத்திலும் கிழக்குக் கரிசலிலும் பரவிக் கிடந்தன. மேற்கே மறவர் பாளையங்கள், கிழக்கே தொட்டிய நாயக்கர் பாளையங்கள். ஆற்றங்கரைப் பாளையங்கோட்டை பின்னாளில் கம்பெனிப் படையின் தளமாயிற்று. பெரிய பீரங்கிகள் அங்கே வந்து சேர்ந்து, அங்கிருந்து மாடு பூட்டிப் பாளையங்களை நோக்கிப் புறப்பட்டன.

உள்ளூரில் செய்த மருந்து

கருமருந்துக்கு வேண்டியவை மூன்று: வெடியுப்பு, கந்தகம், கரி. கரிக்குப் பஞ்சமில்லை. வெடியுப்பை உவர்மண்ணிலிருந்து எடுக்கும் தொழிலைத் தமிழ்நாட்டில் உப்பிலியர் போன்ற சமூகத்தார் வழிவழியாகச் செய்துவந்தனர். பழைய மண்சுவர், மாட்டுத்தொழுவம், ஊர்ப்புறத்து மண்மேடு ஆகிய இடங்களில் வெள்ளை பூத்திருக்கும் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி ஆறவிட்டால் உப்பு ஊசி ஊசியாகப் படியும். கந்தகம் மட்டும் இங்கே விளையாது. அது கடல்வழி வணிகத்தில் வந்த சரக்கு. ஆக, ஊர் மருந்து என்று சொன்னாலும் அதில் ஒரு பங்கு துறைமுகத்தை நம்பியே இருந்தது.

பாளையத்து வீரர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் திரித்துப்பாக்கிகள். எரியும் திரியைக் கிண்ணியில் உள்ள மருந்தில் அழுத்தினால் வெடிக்கும். ஒவ்வொன்றும் ஒரு கொல்லன் கைப்பட்டது என்பதால் குழாயின் வாய் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. எனவே ஈயத்தை உருக்கி, அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற அச்சில் வார்த்தாக வேண்டும். இதில் ஒரு நன்மை உண்டு: ஈயமும் அச்சும் இருந்தால் வாசலில் அடுப்பு மூட்டியே குண்டு வார்த்துவிடலாம். கெடுதலும் உண்டு: எதிரியிடம் கைப்பற்றிய குண்டை அப்படியே போட முடியாது, திரும்ப உருக்க வேண்டும்.

கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கி நேர்மாறானது. எல்லாவற்றிற்கும் ஒரே வாய் அளவு, முக்கால் அங்குலம். மருந்தும் குண்டும் அளந்து காகிதத்தில் சுற்றிப் பையில் இருக்கும். அந்தப் பொட்டலத்துக்கு வந்த இந்துஸ்தானிப் பெயர்தான் நாம் இன்றும் சொல்லும் தோட்டா. கிழித்து, கொட்டி, இடித்து, சுடலாம். வங்காளத்தைக் கைப்பற்றிய பின் பீகாரின் வெடியுப்பு முழுக்கக் கம்பெனியின் கைக்குள் இருந்தது. இந்த ஏற்பாட்டோடுதான் தனித்தனிக் கொல்லன் பட்டறைகள் மோதின.

பீரங்கிக்காகக் காத்திருந்த படைகள்

1755இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் பூலித்தேவரைப் பணியவைக்க வந்தார். கோட்டையை உடைக்கும் பீரங்கி இல்லை, உணவுப்பொருள் இல்லை, சிப்பாய்களுக்குச் சம்பளமும் இல்லை. முயற்சியைக் கைவிட்டு மதுரைக்குத் திரும்பினார். பூலித்தேவரின் முதல் வெற்றி என்று நாம் கொண்டாடும் நிகழ்ச்சியில் எதிரியின் வெறுங்கைக்கும் பங்குண்டு. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. மண்கோட்டையின் கனத்தை அவர் அறிந்து வைத்திருந்தார் என்றே பொருள்.

அடுத்து வந்த கம்பெனித் தளபதி யூசுப்கான் (மருதநாயகம்) இதே பாடத்தை வேறுவிதமாகக் கற்றார். திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரிய பீரங்கிகளும் மருந்தும் வரும்வரை நெற்கட்டும்செவலைத் தாக்கத் தயங்கினார். கம்பெனி பிரெஞ்சுக்காரருடன் போரில் இருந்ததால் அவை 1760 செப்டம்பரில்தான் வந்தன. பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் கோட்டையை இடித்தார். 1761 மே 16இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்தன.

டச்சு வழி

வெளியிலிருந்து வாங்குவதற்குப் பாளையக்காரருக்கு இருந்த மிக அருகிலுள்ள வாசல் தூத்துக்குடி. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அதைப் பிடித்த டச்சுக்காரர் துணியும் முத்தும் வாங்கி வாழ்ந்தனர். அவர்களின் மேலிடம் கொழும்பு. 1783 ஆகஸ்டில், டச்சுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தார். அப்போது அங்கே வீரபாண்டிய கட்டபொம்மனின் முன்னோர் ஆட்சி. கோட்டைக்குள் பீரங்கிகளும் மருந்தும் குண்டும் கிடைத்தன. கூடவே கொழும்பு டச்சு அரசுடன் கட்டபொம்மு நாயக்கர் செய்துகொண்ட உடன்படிக்கையும் அகப்பட்டது.

இந்த வழி நெடுநாள் நிலைக்கவில்லை. 1795 வாக்கில் தூத்துக்குடியும் மறு ஆண்டில் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. வீரபாண்டிய கட்டபொம்மன் கம்பெனியோடு மோதியபோது, விற்க ஆள் இருந்த அந்தக் கரையில் கம்பெனிக்காரரே உட்கார்ந்திருந்தனர். அவர் தனித்துவிடப்பட்டதைப் பேசும்போது கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்தை மட்டும் நினைக்கிறோம். மூடிப்போன அந்தத் துறைமுகத்தையும் நினைக்க வேண்டும்.

1799, 1801

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் போதிய பீரங்கி இன்றியே பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கி, பல அதிகாரிகளை இழந்து பின்வாங்கினார். பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கிகள் வரவிருந்த நிலையில் கோட்டைக்குள் இருந்தவர்கள் இரவோடு இரவாக வெளியேறினர். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது.

1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். ஒரு வாரத்துக்குள் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சி சென்றபோது, இடித்துப் போட்ட இடத்தில் மறுபடி கோட்டை நின்றது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தம் நினைவு நூலில் அந்த வியப்பைப் பதிந்திருக்கிறார். கல்லும் சுண்ணாம்பும் இல்லாத மண்சுவர். இரும்புக்குண்டு பட்டால் கற்சுவர் பிளக்கும். மண்சுவரோ குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். மார்ச் 31 தாக்குதலில் உடைப்பின் மேல் ஏறிய சிப்பாய்களை வீழ்த்தியதில் துப்பாக்கியைவிட நீண்ட ஈட்டிகளான வல்லயங்களின் பங்கே பெரிது. வல்லயத்துக்கு மருந்து வேண்டாம், ஈயம் வேண்டாம். ஊர்க் கொல்லனும் ஒரு கம்பும் போதும். ஆயுதம் பறிக்கப்பட்ட மக்கள் தங்களால் செய்ய முடிந்ததைக் கொண்டு போரை வகுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கூடுதல் பீரங்கிகளோடு கர்னல் அக்னியூ வந்த பிறகு, மே 24இல் கோட்டை விழுந்தது. நவம்பர் 16இல் ஊமைத்துரை அங்கேயே கொல்லப்பட்டார்.

1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தது. மருந்து இடித்தவர்களும் அச்சு வார்த்தவர்களும் வேறு பிழைப்பு தேடினர். 1878 ஆயுதச் சட்டம் இந்தியர் அனைவருக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. குடகு மக்கள் போன்ற சிலருக்கே விலக்கு. குடகருக்கு அது இன்றும் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதற்கான தோட்டாவை எந்தத் திருநெல்வேலிப் பட்டறையிலும் செய்திருக்க முடியாது.

இன்றைய நிலை

பித்தளைத் தோட்டா வந்தபின், செய்வதா வாங்குவதா என்ற பழைய கேள்வி புது உருவம் எடுத்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிசுடுவோர் ராணுவம் கழித்த தோட்டாவை மலிவாக வாங்குவார்கள், அல்லது சுட்ட கூட்டில் புது மருந்தும் குண்டும் இட்டுக்கொள்வார்கள். கழித்த தோட்டாவில் ஒரு தொல்லை: பழைய பற்றவைப்புக் கலவை எரிந்தபின் குழாயில் ஒருவகை உப்பு தங்கும். அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும், எண்ணெயில் கரையாது, தண்ணீரால்தான் கழுவ வேண்டும். ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கூடு மறுபடி நிரப்புவதற்கு ஒத்தும் வராது.

இந்தியாவில் இந்தத் தேர்வே குறுகியது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். பழைய ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. அதற்கு மாற்றாக வந்ததே இஷாப்பூரில் செய்யப்படும் .315 ரைபிள். கழித்த .303 ராணுவத் தோட்டா அந்த ரைபிளில் ஏறவே ஏறாது.

களக்காடு, கடையம், அம்பாசமுத்திரம் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி நெல்லையும் கிழங்கையும் உழுதுபோடும் வயல்களில் இது வெறும் சட்டப்பேச்சு அல்ல. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் பால்ரஸ் குண்டுகளும் பிடிபடும் செய்தி தமிழ்நாட்டு மலையோர ஊர்களிலிருந்து அடிக்கடி வருகிறது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடி மாட்டின் வாயையும் மனிதர் கையையும் சிதைத்ததுண்டு. உரிமம் உள்ள விவசாயி எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, வாக்கு எண்ணி முடியும்வரை தகர டப்பாவைத் தட்டித்தான் பன்றியை விரட்டுகிறார்.