மாமல்லபுரம் – முடிக்கப்படாத ரதங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 55 கி.மீ. சென்றால் மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் முன் ஒரு போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல இன்னொரு போட்டோ, கொஞ்சம் சுண்டல். வருகிறவர்களில் பலர் இத்தோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஐந்து ரதங்களைச் சுற்றிப் பார்ப்பவர்களும் தலையை நிமிர்த்தியே பார்க்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கீழே!

இந்த ரதங்கள் கல் அடுக்கிக் கட்டியவை அல்ல. நின்ற பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியவை. தர்மராஜ ரதத்தின் மேல் தளங்களில் சிற்பங்கள் முழுமையாக இருக்கின்றன. கீழ்த்தளமோ உளி பட்ட தழும்புகளோடு பாதியில் நிற்கிறது. கட்டிடத்தில் ஒரு கல் சரியில்லை என்றால் மாற்றி வைக்கலாம். இங்கே ஓர் உளி தவறினால் தவறியதுதான். இப்படிப்பட்ட வேலையைத் தலையிலிருந்து தொடங்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

பஞ்ச பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. திரௌபதி ரதம் என்கிறோமே, உள்ளே இருப்பது துர்க்கை. தர்மராஜ ரதத்தைக் கல்வெட்டு ‘அத்யந்தகாம பல்லவேஸ்வரம்’ என்கிறது. அது சிவன் கோயில். பிற்காலத்தில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, செதுக்க வைத்த அரசன் பெயர் மறைந்துவிட்டது.

அந்த அரசன் யார் என்பதில்தான் சண்டை. ‘மாமல்லன்’ என்ற முதலாம் நரசிம்மவர்மன் (கி.பி. 630-668) காலத்தில் ரதங்கள் தொடங்கின, கடற்கரைக் கோயிலை எழுப்பியவன் ராஜசிம்மன் (8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) என்பது பாடப்புத்தகக் கருத்து. 1962-ல் இரா. நாகசாமி இதை மறுத்து, அங்குள்ள எல்லாமே ராஜசிம்மன் படைப்பு என்று வாதிட்டார். பாணி இவ்வளவு வேறுபடுகிறதே, ஒரே ஆட்சியில் எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்டது. பல பாணிகளைச் சோதித்துப் பார்த்தவன் என்றால் அதுவும் நடக்கக் கூடியதே. ஆனால் ஒருவன் ஆயுளுக்குள் இத்தனை பாறைகளா என்ற சந்தேகம் தீர்வதாயில்லை.

அர்ச்சுனன் தபசுச் சிற்பத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. தவம் செய்பவன் அர்ச்சுனனா, கங்கையை வரவழைத்த பகீரதனா? பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் மேலேறுகிறார்கள். பாறை உச்சியில் நீர்த்தொட்டியின் சுவடு இருப்பதால், பிளவு வழியே நீரை ஓடவிட்டிருக்கலாம். அப்படியென்றால் கங்கைதான். கீழே ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள்! சிற்பிக்கு நகைச்சுவையும் இருந்திருக்கிறது.

26 டிசம்பர் 2004 சுனாமிக்குப் பின், ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணல் அரிக்கப்பட்டுக் கல்வெட்டுப் பாறை ஒன்று வெளிப்பட்டது. அதில் ஒரு முருகன் கோயிலைப் பற்றிய குறிப்பு. 2005-ல் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது பல்லவர் காலக் கருங்கல் கோயிலும், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன.