வால்வு வானொலியும் ஆம்பிளிபயரும்: கட்டுதலும் வாங்குதலும்

வால்வு என்னும் வெற்றிடக் குழாய், வலுக்குறைந்த மின்குறிகளைப் பெருக்கித் தரும் கருவியாகும். டிரான்சிஸ்டர் பரவும் வரை வானொலியும் ஆம்பிளிபயரும் வால்வுகளைக் கொண்டே இயங்கின.

தமிழகத்தின் முதல் ஒலிபரப்பு, கையால் கட்டிய கருவியிலிருந்தே வந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து 40 வாட் ஒலிபரப்பி ஒன்றை அமைத்தார். 1924 மே 16 அன்று உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் ஜூலை 31இல் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் நின்றது.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் இறக்குமதிப் பெட்டியின் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டவில்லை. ஐந்து வால்வு வானொலியை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று கோவை ஜி. டி. நாயுடு 1941இல் அறிவித்தார். உள்நாட்டில் கட்டினால் விலை குறையும் என்பதே அதன் பொருள்.

மேல்நாடுகளில் இசை ஆர்வலர்கள் ஆம்பிளிபயரைத் தாமே கட்டினர். 1947இல் வெளியான வில்லியம்சன் சுற்று அவர்களுக்கு வழிகாட்டியது. 1959இல் வந்த அமெரிக்காவின் டைனாகோ எஸ்டி-70, பாகத் தொகுப்பாகவும் கட்டி முடித்ததாகவும் விற்கப்பட்டது. தொகுப்பின் விலை குறைவு.

இன்று வால்வுகளும் வெளியீட்டு மின்மாற்றியும் விலை மிகுந்தவை. ஆகவே கட்டுவது எப்போதும் மலிவன்று. கட்டியவருக்குப் பழுது நீக்கும் அறிவு கிடைக்கிறது. வாங்கியவருக்கு நேரமும் பாதுகாப்பும் மிச்சமாகின்றன. உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கும். மாணவர்கள் அனுபவம் உள்ளவர் துணையின்றி இதைத் தொடக்கூடாது.