வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டம்: குதிரைக்கு வைத்த கெடுவும் மனிதருக்கு வைத்த கெடுவும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியர்ரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து ஆண்டுதோறும் நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டி வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் ஆகும். இதன் தொலைவு 100.2 மைல், அதாவது சுமார் 161 கிலோமீட்டர். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர் என்பதால், இது ஏறத்தாழ நான்கு மாரத்தான்களுக்குச் சமம். ஆனால் இது தார்ச்சாலையில் நடப்பதில்லை. பாறை, பனி, காடு, பள்ளத்தாக்கு, ஆறு ஆகியவற்றைக் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதைதான் இதன் பெரும்பகுதி.

ஜூன் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலி என்ற இடத்தில் ஓட்டம் தொடங்கும். ஆபர்ன் நகரின் பிளேசர் உயர்நிலைப் பள்ளி ஓடுதளத்தில் மறுநாள் காலை 11 மணிக்கு அது முடியும். 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்பவருக்கு வெள்ளியாலான பெல்ட் பக்கிளும், 30 மணி நேரத்துக்குள் வருபவருக்கு வெண்கலப் பக்கிளும் பரிசு. இந்த இரண்டு எண்களில் ஒன்று குதிரைகளிடமிருந்து வந்தது. மற்றொன்று, கெடு தவறி வந்த இரண்டு மனிதர்களால் வந்தது. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குதிரைச் சவாரியில் தொடக்கம்

19ஆம் நூற்றாண்டில் தங்கமும் வெள்ளியும் தேடிச் சென்றவர்கள் இந்த மலைப்பாதைகளில் நடமாடினர். ஆபர்ன் நகரைச் சேர்ந்த வெண்டல் ராபி என்ற தொழிலதிபர், இன்றைய குதிரையாலும் ஒரே நாளில் 100 மைல் செல்ல முடியும் என்று காட்ட விரும்பினார். 1955ஆம் ஆண்டில் அவரும் சில தோழர்களும் டாஹோ ஏரிப் பகுதியிலிருந்து புறப்பட்டு, ஒரு நாளுக்குள் ஆபர்ன் வந்து சேர்ந்தனர். அதுவே ஆண்டுதோறும் நடக்கும் சவாரிப் போட்டியாக வளர்ந்து, 'டெவிஸ் கோப்பை' எனப் பெயர் பெற்றது.

24 மணி நேரம் என்ற கெடு இங்குதான் பிறந்தது. வழியில் கால்நடை மருத்துவர்கள் குதிரைகளை நிறுத்தி, நாடித்துடிப்பையும் நடையையும் சோதிப்பார்கள். நொண்டும் குதிரையை மேலே செல்ல விடமாட்டார்கள். மனிதர் இந்தத் தொலைவை ஓடிக் கடப்பார் என்ற எண்ணமே அந்த விதிகளை வகுத்தபோது இல்லை.

கால்நடையாகக் கடந்த முதல் மனிதர்கள்

1972ஆம் ஆண்டில் கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ரைலி ராணுவ முகாமிலிருந்து 20 வீரர்கள் வந்து இப்பாதையை நடந்து கடக்க முயன்றனர். அவர்களில் 7 பேர் முடித்தனர். முன்னதாக வந்தவர்களுக்கு 44 மணி 54 நிமிடங்கள் ஆயின. 100 மைலையும் மனிதர் தம் காலால் கடக்க முடியும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஒரே நாளில் முடியுமா என்ற கேள்விதான் மிஞ்சியது.

அதற்கு 1974இல் விடை கிடைத்தது. கார்டி ஐன்ஸ்லீ என்ற 27 வயது இளைஞர் அதற்கு முன் டெவிஸ் கோப்பையில் குதிரையேறிச் சென்றவர். 1973இல் அவருடைய குதிரைக்குக் கால் நொண்டியதால் பாதியிலேயே விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு, சவாரி அமைப்பின் செயலாளரும் டெவிஸ் கோப்பையை வென்ற முதல் பெண்ணுமான டிரூசில்லா பார்னர் தந்த ஊக்கத்தில், குதிரை இல்லாமலேயே குதிரைகளோடு சேர்ந்து ஓடினார். கடும் வெயிலில் 23 மணி 42 நிமிடங்களில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். குதிரைக்கு வைத்த கெடுவில் 18 நிமிடங்கள் மீதம் இருந்தன.

அந்த 18 நிமிடங்கள் எவ்வளவு அரிதானவை என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் காட்டின. 1975இல் ரான் கெல்லி என்பவர் முடிவிடத்துக்கு இரண்டு மைல் தொலைவு வரை வந்து விலகினார். 1976இல் கென் ஷர்க் 24 மணி 30 நிமிடங்களில் முடித்தார். நூறு மைலையும் ஓடிய பிறகும் அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தவராகவே கருதப்பட்டார்.

1977: கெடு மாறியது

முதல் அதிகாரபூர்வ ஓட்டம் 1977இல் குதிரைப் போட்டியோடு சேர்த்தே நடத்தப்பட்டது. 14 ஆண்கள் ஓடினர். உணவையும் பிற பொருள்களையும் அவரவரே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. வழியில் இருந்த சோதனை நிலையங்கள் குதிரைகளுக்காக அமைக்கப்பட்டவை. ஆண்டி கொன்சாலஸ் 22 மணி 57 நிமிடங்களில் வந்து வென்றார். அவர் ஒருவரே 24 மணி நேரத்துக்குள் முடித்தவர்.

ஆனால் மேலும் இருவர் ஓடிக்கொண்டிருந்தனர். பீட்டர் மட்டை, ரால்ஃப் பேஃபன்பார்கர் ஆகிய அவ்விருவரும் 28 மணி 36 நிமிடங்களில் வந்து சேர்ந்தனர். பழைய விதிப்படி அவர்கள் தோற்றவர்கள். ஆயினும் இரவு முழுவதும் மலையில் ஓடி, தம் காலாலேயே வந்து நின்றவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்வதில் பொருளில்லை என அமைப்பாளர்கள் உணர்ந்தனர். அவர்களுடைய வருகையே 30 மணி நேர விருது ஏற்படக் காரணமாயிற்று.

இவ்விருவரில் பேஃபன்பார்கர் உலகறிந்த மருத்துவ ஆய்வாளர். உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களிடமும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் ஏறத்தாழ 17,000 பேரிடமும் நீண்டகால ஆய்வு நடத்தியவர். உடலை இயக்கி வாழ்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குறைவு என்பதை நிறுவியவர்களில் முதன்மையானவர். அவர் ஓடத் தொடங்கியதே நடுவயதில்தான். 1977 ஓட்டத்தின்போது அவருக்கு வயது 54. ஓட்டத்தின் பயன் வேகத்தில் மட்டும் இல்லை என்பதற்கு ஆய்வேட்டில் சான்று திரட்டிய ஒருவரே, மலைப்பாதையிலும் அதற்குச் சான்றாக அமைந்தார்.

1978இல் ஓட்டம் குதிரைப் போட்டியிலிருந்து பிரிந்து ஜூன் மாதத்துக்கு மாறியது. 63 பேர் ஓடி 30 பேர் முடித்தனர். பேட் ஸ்மைத் 29 மணி 34 நிமிடங்களில் முடித்து, இப்போட்டியை நிறைவு செய்த முதல் பெண் ஆனார். கெடு 24 மணி நேரமாகவே இருந்திருந்தால் அவர் பெயர் முடித்தோர் பட்டியலில் இடம்பெற்றிருக்காது.

பாதை எப்படிப்பட்டது?

ஓட்டம் சுமார் 6,200 அடி உயரத்தில் தொடங்குகிறது. முதல் நான்கரை மைலுக்குள் ஏறத்தாழ 2,550 அடி ஏறி எமிகிரன்ட் பாஸ் என்ற கணவாயை அடைய வேண்டும். சில ஆண்டுகளில் அங்கே ஜூன் இறுதியிலும் பனி கிடக்கும். நண்பகலுக்குப் பிறகு ஆழமான பள்ளத்தாக்குகள் வரும். அங்கே வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டுவது உண்டு. 62ஆம் மைலில் ஃபாரஸ்ட்ஹில் என்ற ஊர். அங்கிருந்து துணை ஓட்டக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். 78ஆம் மைலில் அமெரிக்கன் ஆற்றின் கிளை ஒன்றைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். வெள்ளம் மிகுந்தால் படகில் கடப்பார்கள். பலருக்கு அந்த வேளையில் இருட்டிவிடும். மீதி வழி நெற்றியில் கட்டிய விளக்கொளியில்தான்.

மொத்த ஏற்றம் சுமார் 18,000 அடி, இறக்கம் சுமார் 23,000 அடி. ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம் என்றதும் பாதை எளிது என்று தோன்றலாம். உண்மையில் இறக்கமே பலரை வீழ்த்துகிறது.

பயிற்சி: உடல் எதைக் கற்க வேண்டும்?

கிணற்றிலிருந்து நிறைந்த வாளியை மேலே இழுப்பது ஒரு வேலை. அதே வாளியைக் கயிறு கையை விட்டு ஓடிவிடாமல் பிடித்துப் பிடித்து இறக்குவது வேறு வேலை. மலையேறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது வேலையில் தசை நார்கள் அதிகம் சிதைகின்றன. சிதைவு மிகுந்தால் தசையிலிருந்து வெளிப்படும் புரதம் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். ஆனால் ஒருமுறை இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு சிதைவதில்லை. ஆகவே பயிற்சி பெறுவோர் மலையில் ஏறுவதோடு, வேண்டுமென்றே நீண்ட இறக்கங்களிலும் ஓடுகிறார்கள். மே மாத இறுதியில் இப்பாதையிலேயே மூன்று நாள் பயிற்சி ஓட்டங்களும் நடத்தப்படுகின்றன.

இரண்டாவது பாடம் வெப்பம். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வெயிலில் உழைத்தால் உடல் தன்னை மாற்றிக்கொள்ளும். வியர்வை விரைவில் தொடங்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். குளிர்ப்பகுதியில் வாழ்வோர் இதற்காகவே நீராவிக் குளியல் அறைகளில் அமர்ந்து பழகுகின்றனர்.

மூன்றாவது பாடம் வயிறு. ஓடும்போது இரத்தம் தசைகளுக்கே பெரிதும் செல்வதால் செரிமானம் மந்தமாகும். ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் உண்ணாமல் ஓட முடியாது. எனவே ஓடிக்கொண்டே உண்பதையும் பழக வேண்டும். நீரின் அளவும் முக்கியம். குறைவாகக் குடித்தால் உடல் வறளும். அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். குதிரைகளுக்கு நாடி பார்த்த பாதையில், பின்னாளில் ஓடுவோரை எடை பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எடை குறைந்தாலும் எச்சரிக்கை, கூடினாலும் எச்சரிக்கை.

நான்காவது பாடம் நடப்பது. செங்குத்தான ஏற்றங்களில் முன்னணி வீரர்களும் நடக்கிறார்கள். எங்கே நடக்க வேண்டும் என்று அறிவது ஓட்டத்தின் ஒரு பகுதி.

வேகமும் கடைசி ஒரு மணி நேரமும்

இப்போட்டியில் வேகத்துக்கு இருக்கும் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆன் டிரேசன் 1989 முதல் 2003 வரையிலான காலத்தில் பெண்கள் பிரிவில் 14 முறை வென்றார். 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் ஆண்களையும் சேர்த்த வரிசையில் இரண்டாமிடம் பெற்றார். 2019இல் ஜிம் வாம்ஸ்லி 14 மணி 9 நிமிடம் 28 வினாடிகளில் முடித்தார். 2023இல் கோர்ட்னி டாவால்டர் 15 மணி 29 நிமிடம் 33 வினாடிகளில் முடித்தார். ஐன்ஸ்லீயின் நேரத்தோடு ஒப்பிட்டால், அரை நூற்றாண்டுக்குள் எட்டு ஒன்பது மணி நேரம் குறைந்திருக்கிறது.

ஆனால் ஓடுதளத்தைச் சுற்றிக் கூட்டம் நிறைவது ஞாயிறு காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில்தான். அதைப் 'பொன்னான மணி நேரம்' என்கின்றனர். 2015இல் குன்ஹில்ட் ஸ்வான்சன் என்ற 70 வயதுப் பெண் அந்த வேளையில் ஊருக்குள் நுழைந்தார். அவ்வாண்டு வென்ற ராப் கிரார் முந்தின நாள் மாலையிலேயே ஓட்டத்தை முடித்திருந்தார். அவர் செருப்புக் காலோடு ஸ்வான்சனுக்குத் துணையாகக் கூடவே ஓடினார். ஸ்வான்சன் 29 மணி 59 நிமிடம் 54 வினாடிகளில் கோட்டைக் கடந்தார். கெடுவுக்கு 6 வினாடிகள் மீதம் இருந்தன. 70 வயதைத் தொட்ட பெண் ஒருவர் இப்போட்டியை முடித்தது அதுவே முதல் முறை.

வரம்பைத் தளர்த்தினால் மதிப்பு குறையாதா?

மாணவர்கள் இக்கேள்வியைக் கேட்பது நியாயமே. 1977க்குப் பிறகு நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். அமைப்பாளர்கள் 24 மணி நேர அளவுகோலை அழிக்கவில்லை. வெள்ளிப் பக்கிள் இன்றும் அதற்குத்தான். டிம் ட்விட்மையர் என்பவர் 25 முறை அந்தக் கெடுவுக்குள் முடித்துக் காட்டியிருக்கிறார். பழைய அளவுகோலின் பக்கத்தில் புதிதாக ஒன்றை நட்டார்கள், அவ்வளவே. புதிய கெடுவும் கண்டிப்பானது. 30 மணி நேரத்துக்கு ஒரு வினாடி கடந்து வருபவர் முடித்தவர் பட்டியலில் சேரமாட்டார்.

காட்டுப் பாதுகாப்பு விதிகளின் காரணமாக இன்று 369 பேர் மட்டுமே இதில் ஓட முடிகிறது. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிப்பதால் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கிறது. விண்ணப்பிக்கவே வேறொரு தகுதி ஓட்டத்தை முடித்திருக்க வேண்டும். அவர்களில் பலர் இலக்காகக் கொள்வது வெற்றியை அல்ல, முப்பதாவது மணி நேரத்தை. குதிரையால் எவ்வளவு முடியும் என்று அளக்க வைத்த கெடு ஒன்று. ஓடி வந்தவர்களைக் கண்ட பிறகு, மனிதரால் எவ்வளவு முடியும் என்று அளக்க வைத்த கெடு மற்றொன்று. 28 மணி 36 நிமிடங்களில் வந்த இருவரை அன்று விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தால், இந்த இரண்டாவது கெடு பிறந்தே இருக்காது.