ஜெராக்ஸ் (பொதுச்சொல்)

ஜெராக்ஸ் என்பது ஒளிநகலைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சுவழக்கில் பயன்படும் சொல் ஆகும். உண்மையில் இது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப்பெயர். 'உலர்ந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து உருவானது. 1938 இல் செஸ்டர் கார்ல்சன் மையின்றி உலர்முறையில் நகலெடுத்துக் காட்டினார். அம்முறையில் அமைந்த 914 என்னும் பொறியை 1959 இல் அந்நிறுவனம் வெளியிட்டபின் இப்பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் வழங்கலாயிற்று.

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் எந்த நிறுவனத்தின் பொறியில் நகலெடுத்தாலும் அது 'ஜெராக்ஸ் எடுத்தல்' எனப்படுகிறது. டால்டா (வனஸ்பதி), ஜேசிபி (மண் அள்ளும் பொறி) ஆகியனவும் இத்தகையனவே.

பெயர் பொதுச்சொல்லானால் உரிமையாளர் அதன் வணிகக்குறி உரிமையை இழக்க நேரிடலாம். அமெரிக்காவில் 'எஸ்கலேட்டர்' 1950 இல் அவ்வாறு உரிமையிழந்தது. இந்தியாவில் ஜெராக்ஸ் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரிய மனுவை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012 இல் ஏற்கவில்லை.