புரிசை வாத்தியார்: ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பு

புரிசைக் கண்ணப்பத் தம்பிரானை (மறைவு 2003) ‘அழிந்துகொண்டிருந்த தெருக்கூத்தை மீட்டவர்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்மேல் உள்ள மதிப்பில் சொல்லப்படுவதுதான். ஆனாலும் அது அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது என்பது என் வாதம்.

வேங்கிக்காலில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்குக் கூத்து இறந்துபோன கலையாகத் தெரிந்ததே இல்லை. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று திருவிழா நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஊரார் வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்து நாள் குறிப்பார்கள். ஆள் சேர்ப்பது, வேஷம் பிரிப்பது, கிரீடமும் புஜக்கட்டையும் பழுது பார்ப்பது, விடிந்ததும் கூலி பங்கிடுவது எல்லாம் அதன்பின் அவர் தலையில். தயாரிப்பாளர் என்ற சொல்லைச் சினிமா நமக்குப் பழக்கியது. கூத்திலோ அடவும் பாட்டும் சொல்லிக்கொடுப்பவரே அந்தச் சுமையையும் தூக்குகிறார். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிவந்த குடும்பத்தில், துரைசாமித் தம்பிரானின் மகனாகப் பிறந்த கண்ணப்பர் இப்படிப்பட்ட வாத்தியார்.

அவர் புதிதாகத் தேடிக்கொண்டது பார்வையாளரைத்தான். நவீன நாடகத்துக்கு நம் மண்ணிலேயே வேர் தேடிய ந. முத்துசாமி கண்ணப்பரின் கூத்தில் அதைக் கண்டார். முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களுக்குக் கண்ணப்பர் ஆசானானார். விடிய விடிய ஆடியது சென்னை மேடையில் ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது.

இங்கேதான் இசை பற்றிய கேள்வி வருகிறது. கூத்தில் நடிகர் ஓர் அடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் முகவீணை மேலே ஏற, மிருதங்கத்தின் நடைக்கு அவர் அடவு போட்டுச் சுற்றிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த அடிக்கு நிற்பார். நேரத்தைச் சுருக்க வருகிறவரின் கை முதலில் போகும் இடம் இந்தத் திருப்பிப் பாடுதல்தான், கதை அங்கே நகர்வதில்லை என்பதால். ஆனால் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேஷம் போட்ட வசன நாடகம். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி கணவனைப் போருக்கு அனுப்பும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். பின்பாட்டு இல்லாவிட்டால் அவள் அழுகைக்கு ஊரே துணை நிற்கும் உணர்வு போய்விடும். புரிசை மரபு கதையைக் குறைத்தாலும் பின்பாட்டை விடவில்லை. கண்ணப்பரின் தயாரிப்பு அறிவு இதுவே என்பேன். நாடக வரலாறு எழுதியவர்கள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

அந்த அறிவு அவரோடு நின்றுவிடவில்லை. பாரிஸின் தெயாத்ர் து சொலெய் குழுவுக்காக அரியான் முனூஷ்கின் 2016இல் இந்தியாவைக் களமாக வைத்து ஒரு நாடகம் உருவாக்கியபோது, அதன் கூத்துக் காட்சிகளுக்கு அங்குள்ள நடிகர்களைப் பழக்கியவர் கண்ணப்பரின் மகன் சம்பந்தன். மறு ஆண்டு அந்த நாடகம் நியூயார்க்கிலும் மேடையேறியது. வேறு மொழி பேசி வளர்ந்தவர்கள் தமிழில் பாடி, அடவு போட்டார்கள்.

சென்னை நாடகக்காரர்கள் ஆண்டுதோறும் கண்ணப்பரின் நினைவு விழாவுக்குப் புரிசை போகிறார்கள். நவீன நாடகமும் கூத்தும் ஒரே களத்தில் அடுத்தடுத்து நடக்கின்றன. ஊர்க்காரர்கள் பாய் விரித்து, விடியும் வரை பார்க்கிறார்கள்.